படத்தை வைத்து அந்துப்பூச்சியை அடையாளம் காண்பது எப்படி: கொழும்பில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கொழும்பில் அந்துப்பூச்சி பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. தொடர்மாடிப் படிக்கட்டில் இரவெல்லாம் எரியும் ஒரு வெள்ளை மின்குமிழும், அதை ஒட்டி ஒரு வெளிர்நிறச் சுவரும் இருந்தால் போதும். வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ தெஹிவளையோ, மழை பெய்து ஓய்ந்த மறுநாள் விடியற்காலையில் அந்தச் சுவரைப் பாருங்கள். ஏதாவது ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கும்.

அதைப் படம் எடுத்து "இது என்ன பூச்சி?" என்று கேட்பவர்கள் நிறையப் பேர். சரியான பதில் கிடைப்பது சிலருக்குத்தான். கிடைக்காதவர்கள் பெரும்பாலும் நிறத்தில் தொடங்கியிருப்பார்கள். மண்ணிறம், நடுவில் வெள்ளைப் புள்ளி என்று தேடினால் முடிவே இல்லாமல் படங்கள் வந்து விழும். இலங்கையில் வண்ணத்துப்பூச்சி இனங்கள் ஏறக்குறைய 250தான்; அந்துப்பூச்சிகளோ அதைப்போலப் பல மடங்கு, அவற்றில் கணிசமானவை மண்ணிறம். ஆகவே தேடும் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் அது உட்கார்ந்திருக்கும் விதம், அடுத்து சிறகின் வடிவம், பிறகு கோடும் புள்ளியும், கடைசியில் நிறம். இந்த வரிசையைப் பழகிக்கொண்டால், பெயர் தெரியாத பூச்சியைக்கூட சரியான குடும்பத்தில் கொண்டுபோய் வைக்க முடியும். அங்கிருந்து பெயருக்குப் போகும் வழி குறுகியது.

எங்கே, எப்போது பார்ப்பது

வெள்ளை ஒளி, அதிலும் பழைய புளோரசன்ட் ரியூப்லைட், மஞ்சள் எல்இடியைவிட அதிகப் பூச்சிகளை இழுக்கும். நீலமும் புறஊதாவும் கலந்த ஒளிதான் அவற்றை அதிகம் குழப்புகிறது. வீட்டில் ஒரே ஒரு வெள்ளை லைட் இருந்தாலும் அதைச் சுவரை ஒட்டிய இடத்தில், அல்லது பல்கனியில் தொங்கவிட்ட வெள்ளைத் துணிக்கு முன்னால் எரியவிடுங்கள்.

போயா விடுமுறை என்பதால் அன்று இரவு உட்காரலாம் என்று தோன்றும். ஆனால் முழுநிலவு இரவுகளில் விளக்குக்கு வரும் பூச்சிகள் பொதுவாகக் குறைவு. அமாவாசையை ஒட்டிய, காற்றில்லாத, புழுக்கமான இரவுகளே நல்லவை. மெரின் டிரைவ் பக்கம் கடலைப் பார்த்த பல்கனி என்றால் காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். அந்த வீடுகளில் பின்பக்கப் படிக்கட்டும் காற்று அடிக்காத மூலைகளும்தான் கைகொடுக்கும். ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் மாலையில் இடியுடன் மழை பெய்து ஓய்ந்த இரவுகளை விடாதீர்கள்.

நேரமும் முக்கியம். முன்னிரவில் வருபவை வேறு, நள்ளிரவுக்குப் பிறகு வருபவை வேறு. இரவு விழிக்க முடியாதவர்கள் விடியும்போது போனால் போதும். ஆனால் காகமும் செண்பகமும் அணிலும் எழும்புவதற்கு முன் போக வேண்டும். பல்லிகள் இரவிலேயே தங்கள் பங்கை எடுத்துவிடும்.

பகலில் பார்க்க விரும்பினால் கோட்டே பக்கம் பெத்தகான ஈரநிலப் பூங்காவும், தலவத்துகொடைக்கு அருகிலுள்ள தியசரு பூங்காவும் நல்ல இடங்கள். 2018இல் ராம்சார் ஈரநில நகரம் (ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையின் பெயரால் தரப்படுவது) என்ற அங்கீகாரம் பெற்ற முதல் நகரங்களில் கொழும்பும் ஒன்று. நகருக்குள்ளும் அதைச் சுற்றியும் இருக்கும் இந்தச் சதுப்புகளில் வளரும் புல்லிலும் நாணலிலும் புழுவாக வாழ்ந்தவை சிறகு முளைத்ததும் நம் வீட்டு லைட்டுக்கும் வருகின்றன. பூங்காவில் இலைகளின் அடிப்பக்கம், அறிவிப்புப் பலகை, கழிப்பறைச் சுவர் ஆகியவற்றைப் பாருங்கள்.

லைட்டை வைத்துப் பார்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். விட்டில் விளக்கை விரும்பி வருகிறது என்றே காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். 2024இல் வெளியான ஓர் ஆய்வு, அதிவேகக் கமெராவில் பதிவுசெய்து, வேறு விளக்கம் தந்தது. பறக்கும் பூச்சி எப்போதும் தன் முதுகை ஒளியின் பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும். இரவில் ஒளி வரும் திசை வானம் என்பதால் அது நேராகப் பறக்க உதவும் பழக்கம். பக்கத்தில் ஒரு மின்குமிழ் எரிந்தால் அதே பழக்கம் அதைச் சுற்றிச் சுற்றி வர வைத்து மாட்டிவிடுகிறது. ஆகவே படம் எடுத்து முடிந்ததும் லைட்டை அணையுங்கள். விடிய விடிய எரியவிட்டால் அவை இரை தேடாமலும் முட்டை இடாமலும் அங்கேயே களைத்து விழும்.

தொடர்மாடியில் இருப்பவர்கள் காவலாளியிடமும் பக்கத்து வீட்டாரிடமும் முன்பே சொல்லிவையுங்கள். இரவு பதினொரு மணிக்கு ரோர்ச்சும் போனுமாகப் படிக்கட்டில் நிற்பவரைப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரும். யன்னல்கள் இருக்கும் பக்கம் கமெராவைத் திருப்பாமல் இருப்பதும் நல்லது.

படம் எடுக்கும் முறை

அடையாளம் காண முடியாமல் போகும் படங்களில் பெரும்பாலானவை எடுத்த விதத்திலேயே தோற்றவை. ஒரு பூச்சிக்கு ஒரு படம் போதாது. குறைந்தது மூன்று கோணம் வேண்டும்.

முதலாவது, நேர் மேலிருந்து. சுவரில் இருக்கும் பூச்சி என்றால் போனைச் சுவருக்குச் சமாந்தரமாகப் பிடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் ஒரு சிறகு குறுகித் தெரியும், கோடுகளின் வளைவு மாறிப்போகும். கோட்டின் வளைவை வைத்தே பல இனங்களைப் பிரிக்கிறார்கள் என்பதால் இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டாவது, பக்கவாட்டில். உடலை எப்படி உயர்த்தி வைத்திருக்கிறது, முகத்துக்கு முன்னால் மூக்குப்போல ஏதாவது நீண்டிருக்கிறதா, கால்களில் மயிர் அடர்ந்திருக்கிறதா என்பதெல்லாம் இதில்தான் தெரியும்.

மூன்றாவது, தலையும் உணர்கொம்பும். உணர்கொம்பு நூல்போல் மெலிந்ததா, சீப்புப் பற்கள்போல் கிளைத்ததா என்று தெரிந்தால் ஆண், பெண் வேறுபாட்டுக்கும் குடும்பத்துக்கும் உதவும். பல இனங்களில் கிளைத்த உணர்கொம்பு ஆணுக்குரியது.

யன்னல் கண்ணாடியில் வந்து உட்கார்ந்தால் அது பெரிய வாய்ப்பு. வெளியே இருப்பதை உள்ளேயிருந்து எடுத்தால் சிறகின் அடிப்பக்கம் கிடைக்கும். அடிப்பக்கத்தைக் காண வேறு எளிய வழி இல்லை. எனவே கண்ணாடியில் உட்கார்ந்ததை இரண்டு பக்கமும் எடுத்துவிடுங்கள்.

போனில் எடுப்பவர்கள் மிக அருகில் போனால் படம் மங்கும், நிழல் விழும், பூச்சியும் பறந்துவிடும். ஒரு சாண் தள்ளி நின்று இரண்டு மடங்கு ஜூம் வைத்து, சிறகின்மேல் விரலால் தொட்டுக் குவியத்தை நிறுத்தி, தொடர்ந்து நாலைந்து படம் எடுங்கள். போனின் பிளாஷ் சிறகுச் செதில்களில் பட்டுப் பளபளத்து உண்மையான நிறத்தை அழித்துவிடும். அதற்குப் பதிலாகச் சிறிய ரோர்ச்சின் முகப்பில் ஒரு ரிஷ்யூத் தாளை மடித்து வைத்து, பக்கவாட்டிலிருந்து ஒளி கொடுங்கள். வெள்ளைச் சுவர் பின்னணியாக இருந்தால் கமெரா ஏமாந்து பூச்சியைக் கறுப்பாக்கும். வெளிச்ச அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

அளவு தெரிய ஏதாவது வேண்டும். பூச்சியைத் தொந்தரவு செய்யாமல் பக்கத்தில் ஒரு சின்ன அடிமட்டத்தை வைத்தால் நல்லது. முடியாவிட்டால், அது பறந்த பிறகு அதே இடத்தில் அடிமட்டத்தை வைத்து அதே தூரத்திலிருந்து இன்னொரு படம் எடுங்கள். முன்சிறகின் நீளம் 8 மில்லிமீற்றரா 25 மில்லிமீற்றரா என்று தெரிந்தாலே பாதிக் குடும்பங்கள் கழிந்துவிடும்.

எடுத்த படத்தில் நிறத்தை மாற்றும் ஃபில்டர் எதுவும் போடாதீர்கள். சில போன்களில் படத்தைத் தானாகக் கூர்மையாக்கும் வசதி இருக்கிறது. அது சிறகில் இல்லாத கோடுகளை உருவாக்கிவிடும், அதை நம்பி ஓர் இனத்தைச் சொன்னால் தவறாகிவிடும். வெட்டிச் சிறிதாக்குவதில் தவறில்லை. ஆனால் மூலப்படத்தை வைத்திருங்கள். நண்பருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதென்றால் படமாக அனுப்பாமல் கோப்பாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் நுணுக்கம் சுருங்கிவிடும், படத்தோடு பதிவான திகதியும் இடமும் போய்விடும்.

முதலில், அது அந்துப்பூச்சிதானா?

வண்ணத்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனியில் தடித்து, குமிழ்போல் முடியும். அந்துப்பூச்சியின் உணர்கொம்பு நுனி மெலிந்தோ, இறகுபோல் கிளைத்தோ இருக்கும். பகல், இரவு என்ற பிரிவை நம்ப வேண்டாம். பகலில் பறக்கும் அந்துப்பூச்சிகள் கொழும்பில் சாதாரணம். கறுப்புச் சிறகில் கண்ணாடிபோன்ற புள்ளிகளும் வயிற்றில் மஞ்சள் வளையமுமாகக் குளவியைப்போல் இருக்கும் அமாட்டா பேரினத்தவை (பேரினம் என்பது குடும்பத்துக்குள் நெருங்கிய இனங்களின் தொகுதி) பகலிலேயே செடிகளில் மெதுவாகத் திரியும். செவ்வந்தியையும் இட்லிப்பூவையும் சுற்றி அந்தரத்தில் நின்று தேன் குடிப்பதைப் பார்த்து, தேன்சிட்டா வண்டா என்று குழம்பவைக்கும் செஃபனோடிஸ் ஹைலாஸ் இன்னொன்று. அதன் சிறகில் செதிலே இல்லாததால் ஊடுருவித் தெரியும்.

மற்றப் பக்கம், குளியலறைச் சுவரில் சாம்பல் நிறத்தில், மயிர் படர்ந்து, இதய வடிவில் ஒட்டிக்கொண்டிருக்கும் மிகச் சிறிய பூச்சி அந்துப்பூச்சி அல்ல. அது வடிகாலில் வளரும் ஒருவகை ஈ. இரண்டு சிறகு மட்டுமே அதற்கு உண்டு. மழைக்குப் பின் கூட்டமாக வரும் ஈசலையும் கழித்துவிடுங்கள். நான்கு சிறகும் ஒரே நீளத்தில், செதில் இல்லாமல் மெல்லியதாக இருக்கும்.

உட்காரும் விதம்

இந்தப் பகுதியில் அவசரப்பட வேண்டாம். பெயரைத் தேடத் தொடங்குமுன் படத்தை ஒரு நிழலுருவாகப் பாருங்கள். முடிந்தால் ஒரு தாளில் அதன் வெளிக்கோட்டை மட்டும் வரையுங்கள். கை ஒழுங்காக வர வேண்டியதில்லை, நிறத்தை மறக்கத்தான் இந்தப் பயிற்சி.

சிறகுகள் நீண்டு ஒடுங்கி, பின்னோக்கிச் சரிந்து, தடித்த உடல் பின்புறம் கூர்ந்து, மொத்தத்தில் ஒரு போர் விமானத்தைப்போல் இருந்தால் அது ஸ்பிஞ்சிடே குடும்பம். ஹோக் மொத் என்று சொல்பவை இவைதான். புதியவர்கள் முதலில் அடையாளம் காணப் பழகுவது பெரும்பாலும் இந்தக் குடும்பத்தையே. பெரியவை, அசையாமல் இருப்பவை, கோடுகள் தெளிவானவை.

நான்கு சிறகையும் சுவரோடு சுவராக அப்பி விரித்து, உடல் மெலிந்து, முன்சிறகின் கோடு முறியாமல் பின்சிறகிலும் தொடர்ந்தால் ஜியோமெட்ரிடே. வளைந்து வளைந்து சாண் போட்டு நடக்கும் புழுக்களின் குடும்பம் இது. இதில் பச்சை நிறத்தவையும் நிறைய. ஆனால் அப்பி விரித்த எல்லாமே ஜியோமெட்ரிடே அல்ல. உடல் தடித்து, அளவும் பெரிதாக, முன்சிறகில் கண்போன்ற பெரிய வட்டமோ சுருளோ இருந்தால் எரிபிடே குடும்பத்தின் எரிபஸ், ஸ்பிராமா போன்றவற்றைப் பாருங்கள். வெள்ளைவெளேரென்று, பின்சிறகில் சிறிய வாலும் அதன் அருகே கறுப்புப் புள்ளியும் இருந்தால் யுரேனிடே குடும்பத்தின் மைக்ரோனியாவாக இருக்கலாம். அதை வண்ணத்துப்பூச்சி என்றே பலர் நினைப்பார்கள்.

சிறகுகள் தட்டையாக முக்கோணமாக விரிந்து, கால்கள் உடலின் அளவுக்கு மிக நீளமாக, உணர்கொம்புகள் முதுகின்மேல் பின்னோக்கிக் கிடந்தால் கிராம்பிடே. கொழும்பு வீட்டுச் சுவர்களில் சிறியவற்றில் மிகுதியாகக் கண்ணில் படுவது இந்தக் குடும்பம்தான். சிறகு பட்டுபோல் மினுங்கும், சிலவற்றில் ஊடுருவித் தெரியும். நம் தோட்டங்களில் கத்தரிக்காய், பயற்றங்காய், பூசணியைத் துளைக்கும் புழுக்களில் பலவும் இந்தக் குடும்பத்தவை.

சிறகை முதுகின்மேல் கூரைபோல் சாய்த்து மூடி, உடல் தடித்து மயிர் அடர்ந்திருந்தால் நொக்டூயிடே, அல்லது எரிபிடேயின் ஒரு பகுதி. இந்த இரண்டையும் பிரிப்பது ஆரம்பத்தில் சிரமம். கடந்த இருபது ஆண்டுகளில்தான் பழைய நொக்டூயிடேயிலிருந்து பெரும் பகுதியைப் பிரித்து எரிபிடே என்று வைத்தார்கள். பழைய நூல்களில் பெயர் மாறியிருந்தால் அதற்கும் இதுவே காரணம். முன்கால்களில் அடர்ந்த மயிருடன் அவற்றை முகத்துக்கு முன்னால் நீட்டிவைத்து உட்கார்ந்தால் எரிபிடேக்குள் லைமன்ட்ரினே துணைக்குடும்பம். மஞ்சள் நிற யூப்ரோக்டிஸ் இதில் அடங்கும்.

சில வடிவங்களை ஒருமுறை பார்த்தால் மறக்காது. ஆங்கில T எழுத்தைப்போல், சிறகுகள் குச்சிகளாகச் சுருண்டு நீண்டிருந்தால் டெரோபோரிடே. முன்னுடலை நீண்ட கால்களால் உயர்த்தி, சிறகைப் பரப்பி நின்றால் தைரிடிடேயைப் பார்க்கலாம். சிறகை உடலைச் சுற்றி இறுக்கச் சுருட்டி, ஒரு புல்துண்டுபோல் ஒட்டிக்கொண்டு, முகத்துக்கு முன்னால் நீண்ட மூக்கு இருந்தால் அது கிராம்பிடேக்குள் புல்லைச் சார்ந்த ஒரு கிளை.

சிறகில் எதைப் பார்ப்பது

வடிவம் தெரிந்த பிறகு கோடுகளுக்கு வாருங்கள். முன்சிறகில் உடலுக்கு அருகே ஒரு குறுக்குக்கோடு, விளிம்புக்கு அருகே இன்னொன்று என்பது பல குடும்பங்களின் அடிப்படை அமைப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு வட்டப் புள்ளியும், அதற்கு வெளியே சிறுநீரக வடிவில் ஒரு புள்ளியும் கூரைபோல் மூடுபவற்றில் அடிக்கடி வரும். வெளிக்கோடு நேராகப் போகிறதா, பற்கள்போல் வெட்டுப்பட்டதா, முன்விளிம்பை அடையுமுன் உள்ளே மடிகிறதா? சிறகின் நுனி கூரா, வட்டமா, கொக்கிபோல் வளைந்ததா? விளிம்பு மயிர் ஒரே நிறமா, இடைவிட்டு மாறுகிறதா? இந்தக் கேள்விகளுக்கு உங்கள் படத்தைப் பார்த்து நீங்களே விடை எழுதுங்கள். எழுதியதில் மூன்று அடையாளங்களைத் தேர்ந்து, ஒப்பிடும் படத்திலும் அந்த மூன்றும் இருந்தால் மட்டும் பெயரைப் பரிசீலியுங்கள்.

நிறத்தைக் கடைசியில் வைத்ததற்குக் காரணம் உண்டு. மஞ்சள் லைட்டின் கீழ் வெள்ளை மஞ்சளாகும். பறந்து பறந்து செதில் உதிர்ந்த பழைய பூச்சி வெளிறிப்போகும். பச்சை நிறங்கள் சிலவற்றில் பழுத்த இலையின் நிறத்துக்கு மங்கிவிடும். ஒரே இனத்தில் ஆணும் பெண்ணும் வேறு வேறு நிறத்தில் இருப்பதும் உண்டு. கோட்டின் அமைப்போ இவ்வளவு எளிதில் மாறாது.

பின்சிறகு மூடிக் கிடந்தால் பல இனங்களில் விடை கிடைக்காது. இதற்கு நல்ல எடுத்துக்காட்டு பழச்சாறு உறிஞ்சும் யூடோசிமா. முன்சிறகு காய்ந்த இலைபோல் இருக்கும். அசைந்து சிறகை விரித்தால் உள்ளே பளீரென்ற செம்மஞ்சள். அதில் வளைந்த கறுப்புக் குறி இருந்தால் யூடோசிமா ஃபலோனியா. வட்டமான கறுப்புப் பொட்டு இருந்தால் யூடோசிமா மாட்டர்னா. அது தானாக அசையும் வரை கமெராவைத் தயாராக வைத்துக் காத்திருங்கள். குச்சியால் சிறகை விலக்கிப் பார்க்க வேண்டாம், செதில் உதிரும். இதன் உறிஞ்சுகுழல் தோடம்பழத்தின் தோலையே துளைக்கும் அளவு உறுதியானது. தோட்டத்தில் கொய்யாவோ மாம்பழமோ துளைவிழுந்து அழுகினால் இரவில் ரோர்ச்சோடு போய் மரத்தையும் பாருங்கள்.

ஒரு பூச்சியை முழுதாக அடையாளம் காண்போம்

சுவரில் முத்துப்போல் மினுங்கும் ஒரு சிறிய பூச்சி. தட்டையான முக்கோணம், நீண்ட கால்கள், உணர்கொம்பு முதுகில் கிடக்கிறது. ஆகவே கிராம்பிடே. சிறகின் நடுப்பகுதி வெள்ளை, ஊடுருவித் தெரிகிறது. முன்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் அகலமான கரும்மண்ணிறப் பட்டை. வால் நுனியில் ஒரு மயிர்க்குஞ்சம். இந்த மூன்றையும் எழுதிக்கொண்டோம்.

இனி ஐநேச்சுரலிஸ்ட் போன்ற, படத்தைப் பார்த்துப் பெயரைப் பரிந்துரைக்கும் செயலியில் படத்தைக் கொடுங்கள். இரண்டு பெயர்கள் வரலாம்: டயஃபேனியா இண்டிகா, டயஃபேனியா ஹயலினாட்டா. பார்வைக்கு இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. வித்தியாசம் வரைபடத்தில் இருக்கிறது: ஹயலினாட்டா அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தது. இண்டிகாதான் தெற்காசியாவில் பரவியிருப்பது. அடுத்து இதைப்போலத் தோன்றும் மற்றப் பூச்சிகளைப் பார்க்க வேண்டும். வெள்ளையாக மினுங்கும் பால்பிட்டா பேரினத்தில் மண்ணிறம் முன்விளிம்பில் மட்டும்தான் இருக்கும், வெளிவிளிம்பில் அகலப் பட்டை இராது. அதையும் கழித்துவிடலாம். கடைசியாகச் சூழலைச் சேருங்கள். பக்கத்து வீட்டில் பாகற்கொடியோ புடோலோ பூசணியோ படர்ந்திருந்தால் சந்தேகம் இன்னும் குறையும். இதன் புழு அந்த இலைகளைத்தான் மடித்துத் தின்னும். இவ்வளவும் பொருந்தினால் பெயரை எழுதலாம்.

செயலியை எவ்வளவு நம்பலாம்

ஐநேச்சுரலிஸ்ட் புதியவர்களுக்கு நல்ல துணை. படத்தைக் கொடுத்தால் பரிந்துரைகளைத் தரும், மற்றவர்கள் வந்து சரிபார்ப்பார்கள். கூகுள் லென்ஸ் படத்துக்கு ஒத்த படத்தைத் தேடித் தரும், ஆனால் அந்தப் பூச்சி இந்த நாட்டில் இருக்கிறதா என்று கவலைப்படாது. இரண்டிலுமே ஒரு சாய்வு உண்டு: ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் படம் எடுப்பவர்கள் அதிகம் என்பதால் அங்குள்ள இனங்களின் படங்களே அதிகம் குவிந்திருக்கின்றன. நம் பூச்சிக்கு அந்நிய ஊர்ப் பெயர் வருவதற்கு இதுதான் காரணம்.

அதனால் பரிந்துரை வந்ததும் முதலில் வரைபடத்தைத் திறவுங்கள். இலங்கையிலோ தென்னிந்தியாவிலோ பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். மேற்குத் தொடர்ச்சி மலையும் இலங்கையும் உயிரின வளத்தில் ஒரே பிரதேசமாகக் கணிக்கப்படுவதால், கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் உள்ள இனம் இங்கும் இருப்பதற்கு வாய்ப்பு அதிகம். மாத்ஸ் ஆஃப் இந்தியா இணையத்தளம் இதற்கு மிகவும் உதவும். பிறகு அந்த இனத்தின் ஒரு படத்தை மட்டும் பார்க்காமல் பத்துப் பதினைந்து படங்களைப் பாருங்கள், எது மாறுகிறது, எது மாறவில்லை என்று புரியும். ஐநேச்சுரலிஸ்டில் அந்த இனத்துக்கு உள்ள ஒத்த இனங்கள் என்ற பக்கத்தையும் திறந்து பாருங்கள். நான் அதிக நேரம் செலவழிப்பது அந்தப் பக்கத்தில்தான்.

ஐநேச்சுரலிஸ்டில் ஒரு பதிவு ஆய்வுத்தரம் (ஆய்வுக்குப் பயன்படுத்தத் தக்கது என்ற முத்திரை) பெற, அடையாளம் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டோர் ஒத்துப்போக வேண்டும். இரண்டு பேர் ஒரே பெயரைச் சொன்னாலே அது நடந்துவிடும். ஆகவே யாராவது ஒரு பெயர் சொன்னவுடன் நன்றிக்காக ஒப்புதல் பொத்தானை அழுத்த வேண்டாம். ஏன் அந்தப் பெயர் என்று உங்களுக்கே தெளிவானால் மட்டும் அழுத்துங்கள். தெரியாவிட்டால் எந்த அடையாளத்தைப் பார்த்தீர்கள் என்று கேளுங்கள். இதில் ஈடுபாடுள்ளவர்கள் பொறுமையாகச் சொல்லித் தருவார்கள்.

பழைய நூல்களையும் ஒதுக்காதீர்கள். பூச்சியியலாளர் பிரடெரிக் மூர் 1880க்கும் 1887க்கும் இடையில் மூன்று தொகுதிகளாக இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் அந்துப்பூச்சிகளையும் வெளியிட்டார். அதன் வண்ணத் தட்டுகளுக்கு ஆதாரமான ஓவியங்களைப் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் இருந்து வரைந்தவர்கள் டி அல்விஸ் குடும்பத்துச் சகோதரர்கள், இந்த மண்ணின் ஓவியர்கள். பூச்சியோடு அதன் புழுவையும் தின்னும் செடியையும் சேர்த்து வரைந்திருக்கிறார்கள். இன்னொரு பூச்சியியலாளரான ஹாம்ப்சன் 1892 முதல் 1896 வரை நான்கு தொகுதிகளாக எழுதிய இந்திய, இலங்கை, பர்மிய அந்துப்பூச்சி விவரணையும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. பெயர்கள் பல மாறிவிட்டன, ஆனால் சிறகின் வருணனைகள் இன்றும் பயன்படும்.

கொழும்பில் பார்க்கக்கூடிய சில

அலரியும் நித்தியகல்யாணியும் நந்தியாவட்டையும் உள்ள வீடுகளில் டாஃப்னிஸ் நேரியை எதிர்பார்க்கலாம். பாசிப்பச்சையில் வெளிர்சிவப்பும் வெண்மையும் பளிங்குபோல் கலந்த ஹோக் மொத். அதன் புழு பச்சை நிறம், தலைக்குப் பின்னால் நீலமும் வெள்ளையுமான இரண்டு பொய்க்கண்கள், வாலில் ஒரு சிறு கொம்பு.

முதுகில் மண்டையோட்டு வடிவம் உள்ள அக்கெரோன்ஷியாவைக் கண்டு பயப்பட வேண்டாம், அடிக்கவும் வேண்டாம். தொட்டால் கீச்சென்று சத்தமிடும், அவ்வளவுதான், கடிக்காது, கொட்டாது. தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் குடிப்பது அதன் வழக்கம். லகெசிஸ், ஸ்டிக்ஸ் என்று இரண்டு இனங்கள் இலங்கையில் உண்டு. பிரித்தறிய வயிற்றின் பட்டைகளும் பின்சிறகும் தெரியும் படம் தேவை.

கைபேசிகளில் அடிக்கடி சுற்றும் படம் ஒன்று: சிறிய அந்துப்பூச்சியின் பின்புறத்திலிருந்து மயிர் நிறைந்த நான்கு நீண்ட குழாய்கள் வெளிவந்திருக்கும். விநோதமான வேற்றுலக உயிர் என்று எழுதி அனுப்புவார்கள். அது கிரியட்டோநோட்டஸ் கங்கிஸ், இலங்கையிலும் உள்ளது. குழாய்கள் ஆணுக்கு மட்டும் உரியவை. காற்றை நிரப்பி விரித்து, பெண்ணை அழைக்கும் வாசனையைப் பரப்பும். புழுவாக இருந்தபோது தின்ற செடியில் குறிப்பிட்ட ஆல்கலாய்டு (செடியில் உள்ள ஒருவகை இரசாயனம்) எவ்வளவு இருந்ததோ, அதற்கேற்ப இந்தக் குழாயின் அளவும் மாறும்.

சோளச் செய்கையை வாட்டிய சேனா படைப்புழு 2018இல் இலங்கையில் கண்டறியப்பட்டது. அதன் புழுவின் தலையில் தலைகீழான ஆங்கில ஒய் எழுத்தும், பின்பகுதியில் சதுரமாக நான்கு கறுப்புப் பொட்டுகளும் இருந்தால் படத்திலேயே உறுதி சொல்லலாம். சிறகுள்ள ஆணின் முன்சிறகு நுனிக்கு அருகே ஒரு வெண்திட்டு இருக்கும். பெண் மங்கலாக இருக்கும், படத்தில் பிரிப்பது கடினம்.

எங்கே நிறுத்துவது

படம் எதுவரை காட்டுகிறதோ அதுவரைதான் பெயர். வீட்டுச் சுவரில் தூசியால் ஆன சிறிய தட்டையான கூடு தொங்கும், இரண்டு முனையிலும் திறப்பு இருக்கும், ஒரு புழு தலையை நீட்டி மெதுவாக இழுத்துச் செல்லும். கொழும்பில் ஏறக்குறைய எல்லா வீட்டிலும் இருக்கும் இந்தப் புழுவை டைனிடே குடும்பம் என்று எழுதி நிறுத்தலாம். சிறகுள்ள பூச்சியைப் பிடித்து நுணுக்குக்காட்டியில் பார்க்காமல் இனத்தைச் சொல்வது ஊகமாகிவிடும். யூப்ரோக்டிஸில் பலவற்றையும், சிறிய ஜியோமெட்ரிடேக்களையும் பேரினத்தோடு நிறுத்துங்கள். நிபுணர்களே பிறப்புறுப்பைப் பிரித்துப் பார்த்தோ மரபணுவைச் சோதித்தோதான் அவற்றுக்கு முடிவு சொல்கிறார்கள். பேரினத்தோடு நின்ற சரியான பதிவு, இனம் வரை போன தவறான பதிவைவிட நிறையப் பயன் தரும். தவறான பெயர் அடுத்தவரின் ஒப்பீட்டுக்குள்ளும் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து செயலியின் பரிந்துரையிலும் கலந்துவிடும்.

புழுக்களும் கையும்

புழுவைப் படம் எடுத்தால் அது நின்ற செடியையும், அதன் இலையும் பூவும் தெரிய, தனியாக எடுங்கள். செடியின் பெயர் தெரிந்தால் புழுவின் பெயர் பாதி வந்துவிடும். ஆனால் மயிர்க்கொட்டியை எந்தக் காரணத்துக்காகவும் கையால் தொடாதீர்கள். யூப்ரோக்டிஸின் மயிரும், தென்னையிலும் வாதுமை மரத்திலும் இருக்கும் பச்சைநிற லிமகோடிடே புழுக்களின் முள்ளும் தோலில் பட்டால் எரிவும் தடிப்பும் நீடிக்கும். பட்டுவிட்டால் தேய்க்காமல், ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் ஒட்டி உரித்து மயிரை எடுத்துவிட்டு, சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டாலோ மூச்சுத் திணறினாலோ உடனே வைத்தியரிடம் போக வேண்டும். பிள்ளைகளோடு பார்க்கப் போகும்போது இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பூங்காக்களிலும் பாதுகாக்கப்பட்ட இடங்களிலும் எதையும் பிடித்து எடுத்து வரக் கூடாது. அனுமதியில்லாமல் எடுப்பது சட்டத்துக்கு விரோதம். படம் எடுக்கத்தானே வந்தோம், படத்தோடு திரும்பலாம்.

பதிவு வைத்தல்

ஒவ்வொரு பூச்சிக்கும் திகதி, நேரம், இடம், எந்த நிற லைட், பக்கத்தில் என்ன செடி, மழை பெய்ததா என்று இரண்டு வரி எழுதி வையுங்கள். அரிதானதை மட்டும் பதிவேற்றாமல் தினமும் காணும் சாதாரணத்தையும் ஏற்றுங்கள். எந்த இனம் எந்த மாதத்தில் நகரத்தில் பறக்கிறது என்று தெரிய வேண்டுமானால் சாதாரணங்களின் பதிவுகள்தான் வேண்டும். கொழும்புக்கு அத்தகைய பதிவுகள் மிகத் தேவை, அதில் தமிழ் பேசும் வீடுகளின் சுவர்களும் இடம்பெற வேண்டும் என்பது என் விருப்பம்.

பதிவேற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். வீட்டிலேயே எடுத்த படங்களில் இடம் துல்லியமாகப் பதிவாகியிருக்கும். ஒரே வீட்டிலிருந்து நிறையப் பதிவுகள் போனால் உங்கள் முகவரியை எவரும் கண்டுபிடிக்கலாம். ஐநேச்சுரலிஸ்டில் இடத்தை மறைத்துக் காட்டும் தெரிவு இருக்கிறது, வீட்டுப் படங்களுக்கு அதைத் தெரிவுசெய்துவிட்டு, பூங்காவில் எடுத்தவற்றுக்கு மட்டும் சரியான இடத்தைத் திறந்து வையுங்கள்.